அத்தை ஏறிய ஐந்து படிகள்

“ஊர் ஊராகச் சுற்றி எழுதறியே, நம்ம ஊர் லைப்ரரியை என்றைக்காவது எட்டிப் பார்த்திருக்கியாடா?” என்று டெலிபோனில் கேட்டாள் அத்தை.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. காசியைப் பற்றி எழுதியிருக்கிறேன். கன்னியாகுமரியைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஆனால், மன்னார்குடிக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே, பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு சின்னக் கட்டடத்தில் இருக்கும் கிளை நூலகத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

“இல்லையே அத்தை! அங்கே என்ன விசேஷம்?”

“விசேஷம் ஒண்ணும் இல்லை. நானும் பார்த்ததில்லை. அதனாலேதான் கேட்டேன்.”

நான் திகைத்துப் போனேன். அத்தைக்கு வயது 84. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக் கொடுத்தவளே அவள்தான். கோடை விடுமுறைக்குப் போனால், பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, கெட்டியான அட்டை போட்டுப் பைண்டு செய்த தொகுதிகளைத் தலையணை மாதிரி அடுக்கி வைத்திருப்பாள். எந்தக் கதாநாயகி எந்த அத்தியாயத்தில் அழுதாள் என்று கேட்டால் பக்கத்தைச் சொல்லுவாள். அப்படிப்பட்டவள் சொந்த ஊர் நூல் நிலையத்துக்குள் காலடி வைத்ததில்லையா?

“எதுக்குப் போகணும்? அப்பா கொண்டு வருவார். அப்புறம் உங்கப்பா, எங்க அண்ணன், கொண்டு வந்தார். கல்யாணம் ஆனதும் உங்க மாமா கொண்டு வந்தார். பொம்பளை அங்கே போய் என்ன செய்யப் போறேன்னு கேட்பாங்க. இப்போ கொண்டு வர யாரும் இல்லை. கண்ணும் முக்கால்வாசி போயிட்டுது. மிச்சம் இருக்கிற கால்வாசி வெளிச்சத்திலே ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துடணும்னு ஆசை. நீ வர்றியா?”

இதற்கு மேல் எந்த மருமகனால் வராமல் இருக்க முடியும்? ஐப்பசி மாதம், அடைமழைக்கு நடுவே இரண்டு நாள் வெயில் தலை காட்டிய சமயம் பார்த்துக் கிளம்பினேன்.

தஞ்சாவூரில் இறங்கியதும் நேரே அரண்மனைக்குப் போனேன். நூல் நிலையத்தைப் பார்க்கக் கிளம்பியவன் சரஸ்வதி மகாலைப் பார்க்காமல் தாண்டிப் போனால் பாவம் அல்லவா?

நாயக்க மன்னர்கள் காலத்தில் அரண்மனைச் சேகரிப்பாகத் தொடங்கியது இது. மராத்திய மன்னர்கள் காலத்தில் பெருகியது. அதிலும் 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னருக்குப் புத்தகம் என்றால் உயிர். ஓலைச் சுவடிகளையும் காகிதச் சுவடிகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். ஐரோப்பியப் புத்தகங்களையும் வரவழைத்தார். வைத்தியம், சங்கீதம், சோதிடம், நாட்டியம் என்று அங்கே இல்லாத கலை இல்லை.

எல்லாம் சரி, அதைப் படித்தவர்கள் யார்? ராஜா படித்தார், ராஜா அனுமதித்த பண்டிதர்கள் படித்தார்கள். கோட்டைக்கு வெளியே கீரை விற்றவளும், காவேரிக் கரையில் நாற்று நட்டவனும், உள்ளே அப்படி ஒரு பொக்கிஷம் இருப்பதைக்கூட அறிந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். அந்த அரண்மனை நூலகம் பொதுமக்களுக்காகத் திறந்து விடப்பட்டது 1918-ஆம் ஆண்டில். புத்தகங்கள் வந்து சேர்ந்தது ஒரு காலம், கதவு திறந்தது வேறொரு காலம். நடுவில் எத்தனை தலைமுறைகள்!

இதை யோசித்துக் கொண்டே மன்னார்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்து பச்சைப் பட்டு விரித்த மாதிரி வயல்கள். வழியில் வடுவூர் வந்தது. பறவைகள் வந்து தங்கும் பெரிய ஏரிக்குப் பெயர் பெற்ற ஊர். எனக்கோ, வடுவூர் என்றதும் பறவைக்கு முன்னால் ஞாபகம் வருபவர் துரைசாமி ஐயங்கார். மர்ம நாவல்களாக எழுதிக் குவித்தாரே, அவர்தான். ஒரு காலத்தில் அந்த நாவல்களைப் பெரியவர்கள் பகிரங்கமாகத் திட்டுவார்கள், அந்தரங்கமாகப் படிப்பார்கள். வீட்டுப் பெண்கள் கையில் கண்டால் மட்டும் பிடுங்கி விடுவார்கள். அத்தையின் அம்மா ஒரு பிரதியை நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் படித்த கதை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம்.

மன்னார்குடியில் இறங்கியதும் ராஜகோபால சுவாமியைத் தரிசித்தேன். ‘கோயில் பாதி, குளம் பாதி’ என்று அந்த ஊரைச் சொல்வார்கள். ஹரித்ரா நதி என்று பெயர் கொண்ட தெப்பக்குளத்தின் கரையில் நின்று பார்த்தால், ‘குளத்துக்கு நதி என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை’ என்றுதான் தோன்றும். மழைத் தண்ணீர் தளும்பி நின்றது. நடுவில் தீவு மாதிரி ஒரு சின்னக் கோயில். இந்தக் குளத்தங்கரை விஷயத்தில் ஒன்று கவனித்தேன். நான்கு கரையிலும் மனிதர்கள் வந்து போகிறார்கள். உன் பெயர் என்ன, உன் ஊர் என்ன, உன் தெரு என்ன என்று தண்ணீர் யாரையும் கேட்பதில்லை. ஆனால் நம் நாட்டில் ஒரு காலத்தில் குளத்துத் தண்ணீருக்குக்கூட ஆள் பார்த்துத்தானே உரிமை கொடுத்தோம்? புத்தகத்துக்கு மட்டும் வேறு நியாயமா இருந்திருக்கும்?

டவுன் பஸ்ஸில் அத்தை ஊர் போய்ச் சேரும்போது விளக்கு வைத்து விட்டார்கள். அத்தை திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். என் செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளை அடையாளம் கண்டு கொண்டாள்.

“வாடா தம்பி. மெலிஞ்சிருக்கியா, பெருத்திருக்கியா? எனக்கு இப்போ ரெண்டும் ஒண்ணுதான்” என்று சிரித்தாள்.

சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு முன்னால் வந்ததும் பேச்சு ஆரம்பமாயிற்று.

“உங்க வீட்டுக்கு வாராவாரம் பத்திரிகை வருமே, அப்போ யார் முதலில் படிப்பீர்கள் அத்தை?”

“அதுக்கெல்லாம் வரிசை உண்டுடா. முதல்லே அப்பா. அவர் ஈஸிசேரிலே சாய்ஞ்சு அட்டையிலேருந்து அட்டை வரைக்கும் முடிச்சப்புறம் உங்கப்பா. அப்புறம் சித்தப்பா. அப்புறம் அடுத்த வீட்டு மாமா இரவல் வாங்கிண்டு போவார். அது திரும்பி வந்தாத்தான் அம்மாவுக்கு. கடைசியிலே நான். என் கைக்கு வரும்போது அட்டைப்படத்துலே எண்ணெய்க் கறை, தொடர்கதைப் பக்கத்துலே காப்பிக் கறை. வெள்ளிக்கிழமை வந்த பத்திரிகையை நான் படிக்கிறது அடுத்த வியாழக்கிழமை. மறு நாள் புதுசு வந்துடும்!”

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வரிசை இருந்திருக்கும். கடைசியில் நிற்பது யார் என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

“ஆனா எங்கம்மா ஒண்ணு சொல்லுவா” என்று தொடர்ந்தாள் அத்தை. “நான் பிறக்கறதுக்கு முன்னாலே புஸ்தக வண்டின்னு ஒண்ணு வந்துதாம். மாட்டு வண்டி. மேலவாசல் பக்கத்திலேருந்து புறப்பட்டு ஊர் ஊராப் போகுமாம். ‘உப்பு வண்டி வரும், புளி வண்டி வரும், புஸ்தக வண்டியும் வந்துதுடி!’ம்பா. வண்டி வந்த அன்னிக்கு மட்டும் வரிசை கிடையாதாம். யார் கிட்டே போறாளோ அவ கையிலே புஸ்தகம்.”

கதை என்று நினைத்து விடாதீர்கள். அது சரித்திரம். 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி மன்னார்குடியை ஒட்டிய மேலவாசல் கிராமத்தில் அந்த மாட்டு வண்டி நூலகம் தொடங்கியது. தொடங்கியவர் எஸ். வி. கனகசபைப் பிள்ளை. அதற்குப் பின்னால் நின்று ஊக்கம் கொடுத்தவர் எஸ். ஆர். ரங்கநாதன்.

மறு நாள் காலையில் ஓர் ஆட்டோ பேசி அத்தையை ஏற்றிக் கொண்டு மேலவாசலுக்குப் போனேன். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சாலை இருக்கிறது, வயல் இருக்கிறது, டீக்கடை இருக்கிறது. சாலையோரம் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிச் சற்று நேரம் சும்மா இருந்தோம். மழைக் காலத்தில் இந்தப் பக்கத்து வண்டிப் பாதைகள் அந்த நாளில் எப்படி இருந்திருக்கும்! அச்சு வரைக்கும் சேறு. வாய்க்கால் குறுக்கே வரும். மாடு முரண்டு பிடிக்கும். அரிசி மூட்டை நனைந்தால் காய வைக்கலாம். புத்தக மூட்டை நனைந்தால்? இத்தனையையும் பொருட்படுத்தாமல் வண்டி கட்ட வேண்டும் என்று ஏன் தோன்றியது அந்த மனிதர்களுக்கு?

அதற்கு ரங்கநாதன் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவரும் இந்தக் காவேரி மண்ணைச் சேர்ந்தவர்தான். 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அவரை நியமித்தார்கள். போய் உட்கார்ந்தவருக்கு ஒரே வாரத்தில் அலுத்து விட்டது. ஈ, காக்கை இல்லாத அறையில் தனியாக உட்கார்ந்திருக்க முடியாது, எனக்கு என் கணக்கு வகுப்பே போதும் என்று திரும்பி ஓடப் பார்த்தார். ‘முதலில் இங்கிலாந்துக்குப் போய்ப் பார்த்து விட்டு வாரும், அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்த்துக் கொள்ளலாம்’ என்று சொல்லி அனுப்பினார்கள்.

லண்டனில் நூலகக் கல்வி படித்தார். குராய்டன் என்ற இடத்துப் பொது நூலகத்தில் வேலை பழகினார். நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே தொழிலாளியும், குடும்பப் பெண்ணும், குழந்தையும் உரிமையோடு உள்ளே வந்து புத்தகம் எடுத்துப் போவதைக் கண்டார். அவ்வளவுதான்! கணக்கு வாத்தியார் கணக்கை மறந்து விட்டார். 1925-ல் திரும்பி வந்தபோது வேறு மனிதராக வந்தார். பூட்டிக் கிடந்த அலமாரிகளைத் திறந்து, வாசகர்கள் தாங்களே கை நீட்டிப் புத்தகம் எடுக்கும்படி செய்தார்.

பிறகு நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் வகுத்தார். புத்தகமாக வெளிவந்தது 1931-ல். மேலவாசலில் வண்டி புறப்பட்ட அதே வருஷம். இன்று உலகத்தில் எங்கே நூலகப் படிப்புப் படித்தாலும் அந்த ஐந்தைப் படிக்காமல் முடியாது. பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. நம் வீட்டுப் பாட்டி சொல்வது போல எளிமையானவை. புத்தகம் பூட்டி வைக்க அல்ல, புழங்குவதற்கு என்பது ஒன்று. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகத்தைச் சங்கிலி போட்டு மேஜையோடு கட்டி வைத்திருந்தார்களே, அந்த வழக்கத்துக்கு நேர் எதிர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு வேண்டிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது இரண்டு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதைப் படிக்கிறவர் வந்து சேர வேண்டும் என்பது மூன்று. வந்தவர் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது நான்கு. நூலகம் ஓர் உயிரைப் போல வளர்ந்து கொண்டே இருக்கும் என்பது ஐந்து.

இதில் இரண்டாவது விதிதான் பொல்லாதது. ‘ஒவ்வொரு வாசகரும்’ என்றால் யார் யார்? ரங்கநாதன் விட்டு வைக்கவில்லை. பணக்காரருக்கு மட்டும் அல்ல, ஏழைக்கும். ஆணுக்கு மட்டும் அல்ல, பெண்ணுக்கும். பட்டணத்தானுக்கு மட்டும் அல்ல, பட்டிக்காட்டானுக்கும். கண் தெரியாதவர், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர், சிறையில் இருப்பவர், கடலில் கப்பலோட்டுகிறவர் என்று ஒவ்வொருவராக எண்ணிச் சேர்த்துக் கொண்டே போனார். எல்லோருக்கும் என்று சொல்லி விட்டால், வர முடியாதவரைத் தேடிப் புத்தகம் போயாக வேண்டும் அல்லவா? அப்படித்தான் மாடு பூட்டினார்கள்.

“அப்போ அவர் கணக்கிலே நானும் உண்டா?” என்று கேட்டாள் அத்தை.

“நீங்க மூணு தடவை உண்டு அத்தை. பொம்பளை, பட்டிக்காடு, கண்.”

“பரவாயில்லையே! ரேஷன் கார்டிலேகூட என்னை ஒரு தடவைதான் எழுதியிருக்காங்க.”

வண்டி எவ்வளவு நல்லதானாலும் ஒரு வண்டிதானே? ஒரு தனி மனிதரின் பெருந்தன்மையை நம்பி ஒரு மாகாணம் முழுவதும் படிக்க முடியாது. அதனால் ரங்கநாதனும் அவருடைய நண்பர்களும் 1928-ல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கத்தின் மூலம், நூலகத்தைச் சட்டமாக்க வேண்டும் என்று விடாமல் மன்றாடினார்கள். சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-ல், தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். சட்டம் என்றால் வெறும் காகிதம் இல்லை, காசும் உண்டு. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி என்று ஒன்று வாங்கி, அதைக் கொண்டு மாவட்டந்தோறும் நூலகங்கள் நடத்த ஏற்பாடு செய்தார்கள். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அந்த வரி அதில் இருக்கும். நூலகத்துக்குப் போகாதவரும் கொடுக்கிறார். அதாவது, அத்தை வீட்டில் அத்தனை வருஷமாக வரி கட்டியிருக்கிறார்கள். அத்தை மட்டும் உள்ளே போனதில்லை.

“நம்ம ஊருக்கு லைப்ரரி எப்போ வந்தது அத்தை?”

“நான் பாவாடை கட்டிண்டிருந்த காலம். தனிக் கட்டடம் கிடையாது. மேலத் தெருவிலே ஒரு வீட்டுத் திண்ணை. ஒரு பெஞ்சி, ஒரு பீரோ. சாயங்காலமானா ஆம்பளைங்க உட்கார்ந்து பேப்பர் படிப்பாங்க. நான் தண்ணிக் குடத்தோட அந்த வழியா வருவேன். பீரோவிலே புஸ்தக முதுகு தெரியும். நின்னு பேரைப் படிக்கலாம்னா, ‘என்ன அங்கே வேடிக்கை?’ன்னு சத்தம் வரும்.”

அத்தை சற்று நிறுத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கொண்டு சொன்னாள்.

“நானாவது தெருவிலே நடந்தேன். சேரியிலேருந்து ஒரு பையன் வருவான். என் வயசுதான் இருக்கும். பள்ளிக்கூடத்துலே படிச்சிண்டிருந்தான். திண்ணைக்குக் கீழே, தெருவுக்கு அந்தப் பக்கம், எட்ட நிப்பான். மேலே ஒருத்தர் பேப்பரை விரிச்சுப் படிக்கறப்போ வெளிப்பக்கம் தெரியுமோல்லியோ, அதை அங்கேருந்தே படிப்பான். யாரும் அவனை வராதேன்னு சொல்லலை. வான்னும் சொல்லலை. அவன் பேர்கூட எனக்குத் தெரியாது. கேக்கணும்னு அன்னிக்குத் தோணலை பாரு, அதுதான் இப்போ உறுத்தறது.”

மதம், சாதி, பால் பார்த்து எவரையும் பொது இடங்களிலிருந்து தடுக்கக் கூடாது என்று 1950-ல் வந்த நம் அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்லி விட்டது. ஆனால் சட்டம் டில்லியிலிருந்து புறப்பட்டு ஒரு கிராமத்துத் திண்ணைக்கு ஏறி வர எத்தனை நாள் பிடிக்கிறது! இந்தக் கதை நமக்கு மட்டும் உரியதும் அல்ல. அமெரிக்காவில், மிஸிஸிப்பி மாநிலத்து ஜாக்ஸன் நகரில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த பொது நூலகத்துக்குள் 1961 மார்ச் மாதம் ஒன்பது கறுப்பின மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். கூச்சல் போடவில்லை, கல் எறியவில்லை, புத்தகம் படித்தார்கள். அதற்காகப் போலீஸார் அவர்களைக் கைது செய்தார்கள். அவர்கள் செய்த குற்றம் ‘உள்ளே வந்தது’.

நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே யார் படிக்கலாம் என்பதைத் தீர்மானித்து விடுகிறது. அத்தை ஊரில் பிற்பாடு பஸ் நிற்கும் இடத்தில், எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத பொது இடத்தில் கட்டடம் கட்டினார்கள். அன்று முதல் எல்லாத் தெருப் பிள்ளைகளும் வருகிறார்கள். அது பெரிய மாறுதல்தான். ஆனால் கட்டியவர்கள் ஒரு காரியம் செய்து விட்டார்கள்.

மாலையில் நாங்கள் அங்கே போய் நின்றபோதுதான் அது தெரிந்தது. வெள்ளம் வந்தால் புத்தகம் நனையக் கூடாது என்று தளத்தை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். வாசலில் ஐந்து படிகள். ஒவ்வொன்றும் முழ உயரம். பிடித்துக் கொள்ளக் கம்பி இல்லை. பக்கத்தில் சாய்தளமும் இல்லை. நல்ல காலுள்ளவர்கள் ஐந்து நொடியில் ஏறி விடுவார்கள். அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் வலி. கையில் ஊன்றுகோல். கண்ணில் கால்வாசி வெளிச்சம்.

நூலகராக இருந்த இளம் பெண் எங்களைப் பார்த்து விட்டு ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“பாட்டி, நீங்க சிரமப்பட வேண்டாம். இங்கேயே நாற்காலி போடறேன். எந்தப் புஸ்தகம் வேணும்னு சொல்லுங்க, நானே எடுத்துண்டு வரேன். மெம்பர் ரிஜிஸ்தரையும் கீழே கொண்டு வந்துடறேன்” என்றாள். நல்ல மனசு. முகத்தில் தெரிந்தது.

அத்தை தலையை ஆட்டினாள். “வேண்டாம்மா. எண்பத்து நாலு வருஷமாப் புஸ்தகம்தான் என்னைத் தேடி வந்துது. இன்னிக்கு நான் தேடி வந்திருக்கேன். மேலே வரேன்.”

உள்ளே படித்துக் கொண்டிருந்த இரண்டு வாலிபர்கள் வெளியே வந்தார்கள். “நாற்காலியிலே உட்காருங்க பாட்டி, அப்படியே தூக்கிக் கொண்டு போயிடறோம்.”

“தம்பிகளா, என்னைத் தூக்கிண்டு போக நாலு பேர் ஒரு நாள் வரத்தான் போறாங்க. அதுக்கு இப்போ என்ன அவசரம்?” என்றாள் அத்தை.

எல்லோரும் சிரித்து விட்டோம். ஆனால் அடுத்த பத்து நிமிஷம் யாரும் சிரிக்கவில்லை. அத்தை ஒரு கையை என் தோளில் வைத்தாள். மற்றொரு கையால் சுவரைத் தடவினாள். முதல் படி ஏறினாள். நின்றாள். மூச்சு வாங்கினாள். இரண்டாவது படியில் கால் தடுமாறிற்று. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. “போதும் அத்தை” என்றேன். “பேசாமே நில்லு” என்றாள். மூன்றாவது படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே விட்டாள். பிறகு எழுந்து நான்கு, ஐந்து. மேலே போய் நின்றதும் அவளுடைய கை என் தோளில் நடுங்கிக் கொண்டிருந்தது.

உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு நீள மேஜைகள். இரும்பு அலமாரிகள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். பழைய காகித வாசனை. அத்தை மூக்கை உறிஞ்சி அந்த வாசனையை இழுத்துக் கொண்டாள். பிறகு அலமாரியின் ஓரத்தைத் தொட்டு, புத்தகங்களின் முதுகு மேல் விரலை ஓட்டிக் கொண்டே மெல்ல நடந்தாள்.

“இத்தனை நாளா எனக்கு வந்ததெல்லாம் மத்தவங்க எனக்காக எடுத்தது. அப்பாவா பக்திக் கதை, அண்ணனா சரித்திரக் கதை, உங்க மாமாவா சமையல் குறிப்பு. நானா ஒண்ணு எடுக்கப் போறேன்” என்று சொல்லி ஒரு புத்தகத்தை உருவினாள்.

நான் வாங்கிப் பார்த்தேன். பம்பு செட்டு மோட்டாரைப் பழுது பார்ப்பது எப்படி என்று சொல்லும் புத்தகம்!

“வேறே எடுத்துத் தரட்டுமா அத்தை?”

“ஏன்? நான் எடுத்தது இதுதானே? இருக்கட்டும்.”

பக்கத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடச் சிறுமி, “நான் படிச்சுக் காட்டட்டுமா பாட்டி?” என்று கேட்டாள். அரை மணி நேரம் அவள் படிக்க, அத்தை கேட்டாள். காயில், பேரிங், மண்ணெடுத்த குழாய் என்று போய்க் கொண்டிருந்தது. நடுவில் அத்தை திடீரென்று, “அட! அதனாலேதான் நம்ம கொல்லை மோட்டார் அப்படி உறுமறதா!” என்றாள். வாசகசாலை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

ரங்கநாதனின் மூன்றாவது விதி என் நினைவுக்கு வந்தது. அந்தப் புத்தகம் அலமாரியில் அத்தைக்காகக் காத்திருந்ததோ, என்னவோ!

இறங்கி வருவதற்கு முன் நூலகப் பெண்ணிடம், கண் தெரியாதவர்களுக்கு வேறு என்ன வழி என்று விசாரித்தேன். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு இருப்பதைச் சொன்னாள். செல்போனில் ஒலிப் புத்தகம் கேட்கும் வழியையும் காட்டினாள். பார்வையற்றவர்கள் படிக்கும்படி புத்தகங்களை மாற்றித் தரப் பதிப்புரிமை தடையாக இருக்கக் கூடாது என்று 2013-ல் மராகேஷ் நகரில் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. 2014-ல் அதை எல்லோருக்கும் முந்தி ஏற்றுக் கொண்ட நாடு நம் இந்தியா. பொதுக் கட்டடங்கள் எல்லோரும் நுழையத் தக்கவையாக இருக்க வேண்டும் என்று நம் நாட்டில் 2016-ல் சட்டமும் வந்திருக்கிறது. உலகத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட நமக்குத் தெரிகிறது. ஐந்து படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்டத்தான் கை வரவில்லை.

“நானும் மேலே எழுதிக் கேட்டிருக்கேன் சார்” என்றாள் அந்தப் பெண். “நான் எழுதினா அது ஆபீஸ் காகிதம். ஊர்க்காரங்க எழுதினா அதுக்குத் தனி மதிப்பு.”

அன்று இரவு அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அழுகை இல்லாத, கோபம் இல்லாத கடிதம். ‘இந்த ஊரில் வரி கட்டும் குடும்பத்தில் நானும் ஒருத்தி. முழங்கால் வலிக்காரர்களும், சக்கர நாற்காலியில் இருக்கிறவர்களும், கைக்குழந்தைக்காரிகளும் இந்த ஊரில் இருக்கிறார்கள். புத்தகத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுத்தால் நன்றி. ஆனால் நாங்களாக வர நினைத்தால் வழி இருக்க வேண்டும்’ என்று ஐந்தாறு வரிகள். கீழே அத்தை கையெழுத்துப் போட்டாள். பார்வை இல்லாததால் எழுத்து மேலும் கீழுமாகப் போயிற்று. மறு நாள் தெருத் தெருவாகப் போய் இன்னும் முப்பது கையெழுத்து வாங்கிக் கொண்டு வந்தாள் அந்தச் சிறுமி. மேலத் தெரு, கீழத் தெரு, காலனி எல்லாம் ஒரே தாளில்.

சென்னைக்குத் திரும்பி மூன்று வாரம் கழித்து அத்தையிடமிருந்து டெலிபோன் வந்தது.

“லைப்ரரி வாசல்லே ஒரு வண்டி மணல் வந்து இறங்கியிருக்குடா!”

“ஆஹா! சாய்தளம் கட்டப் போகிறார்களா அத்தை?”

“அதுக்குத்தானா, இல்லே பக்கத்துச் சாக்கடைக்கான்னு இன்னும் தெரியலை. எதுக்கும் அந்தப் பொண்ணைத் தினம் ஒரு நடை போய் விசாரிச்சுண்டு வரச் சொல்லியிருக்கேன். சாக்கடைக்குன்னா இன்னொரு கடுதாசி எழுதணும். நீ பேனாவோட தயாரா இரு.”

நான் தயாராகத்தான் இருக்கிறேன். வாசகர்களே, உங்கள் ஊர் நூல் நிலையத்துக்கு எத்தனை படிகள்? ஒரு நாள் சாயங்காலம் போய் எண்ணிப் பாருங்கள். முடிந்தால், வீட்டில் பத்திரிகை வரிசையில் கடைசியாக நிற்பவரையும் கூட அழைத்துக் கொண்டு போங்கள்.